ஊர் தேடி வருகிறவர்களும் ஊர்ச் சாப்பாடும்



நம் இதழில் வரி, உரிமம், தராசு முத்திரை, கடன் வசூல் என்று எழுதுவதுதான் வழக்கம். இம்முறை ஓட்டல் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன். மளிகை மொத்த வியாபாரிக்கு இதில் என்ன பேச்சு என்று எண்ண வேண்டாம். கடைசி வரை படித்தால் இதுவும் நம் கல்லாவைப் பற்றிய விஷயம்தான் என்பது விளங்கும். நான் செய்த ஒரு தவறும் இதில் இருக்கிறது. மற்றவர்கள் அதைச் செய்யாமல் இருக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு 1977-ல் தென்காசியில் என் தந்தையாரின் மண்டியில் உட்கார்ந்தேன். அந்த நாளில் இந்த ஊரை விட்டுப் போகிறவர்களைத்தான் பார்த்தேன். சென்னையில் தெருவுக்குத் தெரு மளிகைக் கடை வைத்த அண்ணாச்சிமார்களில் பலர் நம் பக்கத்துக்காரர்களே. மும்பைக்குப் போனவர்கள் உண்டு, வளைகுடாவுக்குப் போனவர்கள் உண்டு. போனவர்கள் ஆடியில் குற்றாலத்தில் குளிக்க வருவார்கள், திரும்பிப் போய்விடுவார்கள்.

இப்போது காற்று திசை மாறி வீசுகிறது. மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் இயங்குகிறது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அவர்களே அமெரிக்காவிலிருந்து வந்து இந்தப் பக்கத்துக் கிராமத்தில் குடியேறினார். புனலூர் மலைப்பாதை 2018-ல் அகல ரயில் பாதையாகி, கொல்லத்துக்கு மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாயிற்று. அலுவலகங்களும் அலுவலர்களும் வந்தார்கள். 2020 கொரோனா ஊரடங்கில் ஊர் திரும்பிய இளைஞர்கள் சிலர் இங்கிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறார்கள். பணி ஓய்வு பெற்ற தம்பதிகள் இலஞ்சி, மேலகரம் பக்கம் வீடு வாங்கி வருகிறார்கள். பொதிகை எக்ஸ்பிரஸில் மாலையில் ஏறினால் காலையில் சென்னை. பிறகென்ன?

அவர்கள் எதற்காக வருகிறார்கள்? ஜூன் பிறந்தால் சாரல். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி எல்லாம் கூப்பிடு தூரம். காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றால் முகத்தில் அடிக்கும் காற்று. இவை நாம் கொள்முதல் செய்து வைத்த சரக்கு அல்ல. இயற்கையும் முன்னோரும் தந்தவை. இவற்றுக்கு அடுத்தபடியாக அவர்களை இங்கே பிடித்து நிறுத்துவது சாப்பாடு. அது மட்டும்தான் நம் கையில் உள்ளது.

பிரானூர் பார்டர் பரோட்டாவுக்கு எங்கிருந்தெல்லாமோ வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் குடியிருக்க வந்தவர் தினமும் பரோட்டாவும் கோழியும் சாப்பிட முடியாது. அவருக்கு வேண்டியது காலையில் நாலு இட்லி, மதியம் இலை போட்டு ஒரு சாப்பாடு, கை நீட்டி ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்கக்கூடிய ஒரு மெஸ். இங்கேதான் நம் வியாபாரம் வருகிறது.

புதிதாகக் குடியேறியவர் சோப்பு, துணி, செல்போன், மளிகை எல்லாவற்றையும் போனிலேயே வரவழைத்துவிடுவார். அதைத் தடுக்க நம்மால் ஆகாது. ஆனால் சுடச்சுடச் சோறு சென்னையிலிருந்து பார்சலில் வராது. அது இந்த ஊர் அடுப்பில்தான் வேக வேண்டும். அந்த ஒரு இலையில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அரிசி மண்டிக்காரர், பருப்பும் எண்ணெயும் கொடுத்தவர், பாவூர்சத்திரம் சந்தையில் காய் எடுத்து வந்தவர், வாழை இலைக்காரர், பால்காரர், அப்பளம் ஊறுகாய் போடுகிறவர், சிலிண்டர் ஏஜென்சிக்காரர், சாப்பிட்டு வெளியே வந்தால் வெற்றிலை பாக்கு கொடுக்கும் பெட்டிக் கடைக்காரர். ஆக எட்டுப் பேர். வெளியூர்க்காரர் கொடுக்கும் ஒரு சாப்பாட்டுக் காசு நம் எட்டுப் பேர் கல்லாவிலும் ஏறி இறங்குகிறது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

தேர் வீதிக்கு அருகில் எனக்கு ஒரு கட்டடம் உண்டு. அதில் 1999 முதல் ஓர் அம்மா மெஸ் நடத்தி வந்தார். பெரிய பலகை கிடையாது, குளிர்சாதனம் கிடையாது. மதியம் சுமார் 120 சாப்பாடு. வியாழக்கிழமை உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், ஞாயிறு சொதி. நம் பக்கத்தில் கல்யாண வீட்டு மறுவீட்டுக்குத்தான் சொதி வைப்பார்கள். அந்த அம்மா வாரா வாரம் வைத்தார். அதற்காகவே குற்றாலத்திலிருந்து ஆட்டோ பிடித்து வருவார்கள்.

அரிசி முழுவதும் என் மண்டியில்தான். 2022 ஜூலை 18-ல் 25 கிலோ வரையிலான பேக்கிங் அரிசிக்கு 5 சதவீத வரி வந்த பிறகு நாமெல்லாம் 26 கிலோ சிப்பத்துக்கு மாறினோம் அல்லவா, அந்தச் சிப்பம் நாளைக்கு ஒன்று போகும். இட்லி அரிசி, உளுந்து, துவரம் பருப்பு, மூன்று நாளைக்கு ஒரு டின் எண்ணெய். மாதம் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய்க் கொள்முதல். எல்லாச் செலவும் போக எனக்கு நூற்றுக்கு ஐந்து நிற்கும். திங்கள்கிழமை தோறும் சிட்டையை எடுத்துக்கொண்டு வந்து கணக்கைத் தீர்த்துவிடுவார். 24 ஆண்டுகளில் அவரிடம் கடன் கேட்டு நான் ஆள் அனுப்பியதில்லை.

வாடகை மாதம் 9,000. 2023-ல் வெளியூர்க்காரர் ஒருவர் வந்தார். “அண்ணாச்சி, வெளியூர்லேர்ந்து நிறையப் பேர் இங்கே செட்டில் ஆகுறாங்க. நல்ல ஏசி ரெஸ்டாரண்ட் போடலாம்னு இருக்கோம். 22,000 தர்றோம்” என்றார். நான் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, “22,000 தந்தா நீங்களே இருங்க” என்றேன். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருந்தது. அவர், “சாப்பாட்டு விலையைக் கூட்டினா நம்ம ஆளுக எப்படி அண்ணாச்சி சாப்பிடுவாக?” என்று மட்டும் கேட்டார். ஒரு மாதத்தில் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டார். சிட்டையில் பாக்கி எதுவும் இல்லை.

புதிய உணவகம் விளக்கும் வெளிச்சமுமாகத் தொடங்கியது. எல்லா ஊரிலும் கிடைக்கும் அதே பட்டியல்தான். சரக்கு முழுவதும் அவர்களுடைய வண்டியில் வெளியூரிலிருந்து வந்தது. ஒரு கிலோ உளுந்து கூட நம் பஜாரில் வாங்கவில்லை. சீசனில் கூட்டம், மற்ற மாதங்களில் ஈ ஓட்டினார்கள். பதினான்கு மாதத்தில் மூடிவிட்டார்கள். பிறகு 22,000 என்று சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் வரவில்லை. ஒன்பது மாதமாக ஷட்டர் இறங்கியே கிடக்கிறது.

நாம் வியாபாரிகள். எதையும் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் மனம் ஒப்பும். போட்டேன்.

கூடுதல் வாடகை வரவு: மாதம் 13,000 வீதம் 14 மாதத்துக்கு 1,82,000.
பூட்டிக் கிடந்ததில் போன பழைய வாடகை: 9,000 வீதம் 9 மாதத்துக்கு 81,000.
மெஸ் கொள்முதல் நின்றதால் போன லாபம்: 5,000 வீதம் 23 மாதத்துக்கு 1,15,000.
ஆகப் போனது 1,96,000. நிகர நஷ்டம் 14,000.

பேராசைக்குக் கிடைத்த கூலி பதினாலாயிரம் ரூபாய் நஷ்டம். இது என் பேரேட்டில் தெரிவது. இலைக்காரருக்கும் பால்காரருக்கும் போனது என் பேரேட்டில் தெரியாது. அங்கே வேலை பார்த்த ஏழு பெண்களுக்குப் போனதும் தெரியாது.

இன்னொன்றும் அதில் தெரியாது. சென்னையில் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு சார், 2021-ல் மனைவியுடன் இங்கே வந்து வாடகை வீட்டில் இருந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில். அம்மையாருக்கு மூட்டு வலி, அடுப்படியில் நிற்க முடியாது. தினமும் மதியம் இருவரும் அந்த மெஸ்ஸில்தான் சாப்பாடு. அந்த அம்மா இவர்களுக்குக் காரம் குறைத்துத் தனியாக ஒரு கிண்ணம் குழம்பு எடுத்து வைப்பார். மெஸ் போன ஆறாவது மாதம் அந்த சார் என் மண்டிக்கு விடைபெற வந்தார். “அருவியை வருஷத்துல பத்து நாள் பார்ப்போம் அண்ணாச்சி. சாப்பாடு முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் வேணுமே” என்றார். கட்டடம் என்னுடையது என்பது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

“வாடகை சந்தை நிலவரப்படிதானே” என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். ஆம், சந்தை நிலவரம்தான். ஆனால் அந்த நிலவரத்தை உயர்த்தியது எது? இந்த ஊரில் வாழலாம், நன்றாகச் சாப்பிடலாம் என்ற பெயர். அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவரையே வெளியேற்றிவிட்டு வாடகையை மட்டும் உயர்த்திக்கொண்டே போனால், அது விதை நெல்லைக் குத்தித் தின்ற கதைதான்.

ஆகவே நம் உறுப்பினர்கள் சிந்திக்கச் சில யோசனைகளைத் தாழ்மையுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, ஒரே விலை. சீசனுக்கு ஒன்று, மற்ற நாளுக்கு ஒன்று. உள்ளூர்க்காரருக்கு ஒன்று, பேச்சு வேறாக இருப்பவருக்கு ஒன்று என்ற பழக்கம் நம்மில் சிலரிடம் உண்டு. ஒரு நாள் வந்து குளித்துவிட்டுப் போகிறவர் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். குடிவந்தவர் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார். பிறகு உப்புக்குக் கூட நம் கடைக்கு வரமாட்டார். விலைப் பலகை எழுதி வாசலில் மாட்டுங்கள்.

இரண்டாவது, பில். காம்போசிஷன் முறையில் உள்ள சாப்பாட்டுக் கடைக்காரர் ஜிஎஸ்டி என்று தனியாகப் போட்டு வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது. தெரியாமல் சிலர் வாங்குகிறார்கள். புதிதாக வருகிறவர்களில் கணக்குத் தெரிந்தவர்கள் அதிகம். ஒரு பில்லில் ஊர்ப் பெயர் கெட்டுவிடும்.

மூன்றாவது, வாடகை. கட்டடம் வைத்திருக்கும் வணிகர்கள், பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக நடக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் எழுதி, ஆண்டுக்கு இவ்வளவு சதவீத உயர்வு என்று முன்கூட்டியே பேசி வைக்கலாம். திடீரென்று இரட்டிப்பாகக் கேட்பது வேண்டாம்.

நான்காவது, கடன். சாதாரண உணவகத்துக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. உள்ளீட்டு வரி வரவு கிடையாது. 2017 நவம்பர் 15 முதல் இதுதான் நிலை. அவர் நம்மிடம் வாங்கும் எண்ணெய்க்கும் மிளகாய்ப் பொடிக்கும் கட்டிய வரியை அவரால் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே சிறு மெஸ்களுக்கு ஒரு வாரத் தவணையாவது கொடுப்போம். சில்லரை விலையில் அல்லாமல் மண்டி விலையில் கொடுப்போம்.

ஐந்தாவது, மெஸ் நடத்தும் சகோதர சகோதரிகளுக்கு. மற்ற ஊரைப் பார்த்து உங்கள் பட்டியலை மாற்றாதீர்கள். பிரைடு ரைஸ் சென்னையில் எல்லாத் தெருவிலும் கிடைக்கிறது. வந்தவர் தேடுவது கூட்டாஞ்சோறும் சொதியும் உளுந்தஞ்சோறும்தான். அதோடு வயதானவர்கள் உட்கார வசதியான நாற்காலி, கை கழுவுமிடத்தில் சுத்தம், உணவுப் பாதுகாப்புச் சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டுவது, இவற்றைச் செய்தால் போதும். ஏசி இல்லை என்று யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

சொல்லிவிட்டுச் செய்யாமல் இருப்பது அழகல்ல. சென்ற மாதம் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். இப்போது வீட்டிலேயே சமைத்து இருபது பேருக்குக் கேரியர் கொடுத்து வருகிறார். அந்தச் சிறு கொள்முதலும் என்னிடம் இல்லை, வேறு கடையில். அது அவர் உரிமை. “10,000 வாடகை போதும், மூணு வருஷத்துக்குக் கூட்ட மாட்டேன், வாங்க” என்றேன். அவர் காபி கொடுத்தார். கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. “வயசாகுது அண்ணாச்சி. பழைய பிள்ளைகள்ள பாதிப் பேரு வேற வேலைக்குப் போயிட்டாக. தை பொறக்கட்டும், யோசிச்சுச் சொல்லுதேன்” என்றார்.

தை வரை அந்தக் கட்டடத்தை வேறு யாருக்கும் விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். நடுவில் இரண்டு பேர் வந்து கேட்டார்கள். இல்லை என்று சொல்லி அனுப்பினேன். சாவி என் கல்லாவில் இருக்கிறது.

நம்மிடம் வாடகைக்கு இருக்கும் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒவ்வொருவரையும் இந்தக் கணக்கோடு ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பற்றிப் பேச வாய்ப்புத் தரும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.