எண்ணெய்க் குதங்களும் வணிகப் பயிலுநரும்

சீனக்குடா எண்ணெய்க் குதங்களைப் பற்றி முழங்காத அரசியல் மேடை இந்நாட்டில் இல்லை. ஆயின், அக்குதங்களின் கணக்கைப் படிக்கத் தெரிந்த இளைஞரை அவற்றின் அயலிலேயே உருவாக்க வேண்டும் என்று முழங்கிய மேடை எதனையும் நாம் கண்டதில்லை. திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் வலுசக்தித் தொழிலுக்கு வணிகப் பயிலுநராகச் செல்லும் மாணவரின் நிலை பற்றிச் சற்றுக் காரசாரமாகவே எழுத வேண்டியிருப்பது இதனாலேதான்.

பிரித்தானியக் கடற்படைக்கென இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் எழுப்பப்பட்ட இக்குதங்களில் எஞ்சியிருப்பவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கன மீற்றர் எண்ணெய் கொள்ளத்தக்கது. 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு வீசியதும், 1957 இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கைமாறியதும் யாவரும் அறிந்த வரலாறு. அதற்குப் பிந்தியது காகிதங்களின் வரலாறு. 1987 இல் இந்திய - இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்கள். 2003 இல் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனம் உள்நுழைந்த ஏற்பாடு. 2022 ஜனவரியில் கைச்சாத்தான ஒப்பந்தங்கள். இறுதியாகக் கூறியவற்றின்படி லங்கா ஐ.ஓ.சி.க்கு 14 குதங்கள், இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு 61. அக்கூட்டு நிறுவனத்தில் எமது கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 சதவீதம்.

ஐம்பத்தொன்று என்று கேட்டுக் கைதட்டினோர் உளர். நாற்பத்தொன்பது என்று கேட்டுக் கொதித்தெழுந்தோரும் உளர். சேமிப்புக் கட்டணம் எவ்வாறு நிர்ணயிக்கப்படும், குத்தகை எந்த நாணயத்தில் செலுத்தப்படும், துருப்பிடித்த குதத்தைப் புதுப்பிக்கும் செலவு யாருடைய ஏட்டில் ஏறும் என வினவினோர் மிகச் சிலரே. இலாபம் பிறப்பதும் மறைவதும் இந்த வினாக்களுக்குள்ளேதான்.

இவற்றை வினவக் கற்பிக்க வேண்டிய காலம் பயிலுநர் காலம். பயிலுநர் பயிற்சிக்கு இந்நாட்டில் 1971 இலேயே சட்டம் இயற்றப்பட்டது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் வணிகக் கற்கைகளைப் போதிக்கின்றது. குறை ஏட்டிலில்லை, நடைமுறையில் உள்ளது. பயிற்சி முடித்துத் திரும்பும் மாணவரிடம் என்ன கற்றீர் என்று கேளுங்கள்: கடிதங்களைக் கோவையிலிட்டேன், நிழற்பிரதி எடுத்தேன், வந்தோரை அமரச் சொன்னேன் என்ற விடையே அடிக்கடி வருகின்றது. இது ஒரு நிறுவனத்தின் தனிக்குறையன்று. பயிலுநரைக் கூலி குறைந்த எழுதுவினைஞராகக் கருதும் மனப்பாங்கின் குறை. அதைக் கண்டும் காணாததுபோலப் பயிற்சி அறிக்கையில் ஒப்பமிடும் எம்மைப் போன்ற விரிவுரையாளரின் குறையுமாகும். கரைவலையில் கயிறு பிடிக்கும் சிறுவனுக்குக்கூடப் பங்கு பிரிக்கும் முறை தெரியும். பட்டதாரியாகப் போகின்றவருக்குத் தெரிவதில்லை.

கணக்கியல் படித்தவர் குதத்தின் உச்சிக்கு ஏறி அளவுநாடாவை இறக்க வேண்டியதில்லை என்பர் சிலர். ஏறத்தான் வேண்டும். எண்ணெய் வெப்பத்தால் விரிவது. அதனாலேயே அதன் கனவளவை ஒரு நியம வெப்பநிலைக்கு, வழமையாக 15 பாகை செல்சியசுக்கு, மாற்றி எழுதுவர். 12,000 கன மீற்றர் டீசல் நிறைந்த குதத்தில் ஒரு பாகை வேறுபாடு ஏறக்குறைய 10,000 லீற்றர் வேறுபாடு. ஒரு பாகையைப் பிழையாகக் குறித்தால், ஒரு துளியும் சிந்தாமலே, ஒரு சிறு பௌசர் நிறையும் எண்ணெய் ஏட்டில் தோன்றவோ மறையவோ செய்யும். வெப்பமானியைக் கண்ணால் காணாத பயிலுநர் இருப்புப் பேரேட்டில் எதைச் சரிபார்ப்பார்? எழுதியதை எழுதியவாறே கூட்டுவார். கூட்டுத்தொகையும் சரியாகவே இருக்கும்!

இக்கணக்கு எமது மக்களின் அடுப்புக்கும் படகுக்கும் வந்து சேர்வது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் உயர்ந்தது. நீண்டகாலமாக நட்டத்துக்கு விற்கப்பட்டது என்பது அரசு தந்த விளக்கம். அது சரியா, எவ்வளவு சரி என்பதைக் கிண்ணியாவிலோ நிலாவெளியிலோ இயந்திரப் படகு வைத்திருந்த மீனவருக்கு எடுத்துக்கூறத்தக்கவர் எத்தனை பேர் இருந்தனர்? கப்பல் விலை, நாணய மாற்று, காப்புறுதி, வரி, களஞ்சியக் கட்டணம், விநியோகச் செலவு எனப் பிரித்துக் காட்ட ஒரு வணிக மாணவரால் இயலாதெனில், அவர் படித்த கிரயக் கணக்கியல் யாருக்காக?

எமக்கு எதிராக இரு கூற்றுகள் வரும். ஒன்று, தொழிலுக்கு வேண்டியோர் உருக்கி ஒட்டுவோரும் குழாய் பொருத்துவோருமே, வணிகத்தைக் கொழும்பு பார்த்துக்கொள்ளும் என்பது. கைவினைஞரை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் திருத்த வேலை முடிந்ததும் அவர்களுட் பெரும்பாலோர் வீடு திரும்புவர், கணக்கோ ஆண்டுதோறும் எழுதப்படும். உடலுழைப்பு இங்கே, தீர்மானம் அங்கே என்ற பழைய குடியேற்றப் பிரிவினையைப் புதிய பெயரில் ஏற்க நாம் ஆயத்தமில்லை. மற்றையது, அந்நிய நிறுவனத்தை வெளியேற்றினால் யாவும் சரியாகிவிடும் என்பது. 1960களின் முற்பகுதியில் எண்ணெய் விநியோகம் அந்நியக் கம்பனிகளிடமிருந்து அரசின் கைக்கு வந்தபோது அது பெரும் வெற்றியே. எனினும் உரிமை மாறியதால் மட்டும் ஏட்டைப் படிக்கும் உரிமை துறைமுகத்து மக்களுக்குக் கிட்டிவிடவில்லை.

மொழித் தடையும் உண்டு. பெறுமானத் தேய்வு, நிலுவை, பங்கிலாபம் என்று உயர்தர வகுப்பில் தமிழிற் கற்றவர் ஆங்கில ஒப்பந்தத்தின் முன் ஊமையாகின்றார். அவருக்கென எண்ணெய், மின் வணிகச் சொற்களின் கைந்நூலொன்றைத் தொகுப்பது எமது தமிழ்ச் சங்கத்தால் இயலாத காரியமன்று. ஆண்டுவிழாச் செலவிற் பாதி போதும். மிகுதியைப் பீடங்கள் செய்ய வேண்டும்: இருப்பளவை, விலையாக்கம், ஒப்பந்த வாசிப்பு ஆகிய மூன்றிலும் பயிலுநரை ஈடுபடுத்த எழுத்தில் இணங்காத நிறுவனத்துக்கு மாணவரை அனுப்பலாகாது.

சீனக்குடாவோடு இவ்விடயம் முடிவதில்லை. கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே சம்பூரில் 500 மெகாவாற்று நிலக்கரி மின்னிலையத்துக்கு 2011 இல் ஒப்பந்தமாகி, 2016 இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கே 120 மெகாவாற்றுச் சூரிய மின்திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது. 2006 இல் போரினால் அவ்வூரைவிட்டு அகன்ற குடும்பங்களின் குழந்தைகள் இன்று பல்கலைக்கழக வயதினர். அத்திட்டத்தின் கணக்கு மேசைக்கு முதற் பயிலுநராக அவர்களுள் ஒருவர் செல்வாரா என்பதை வணிக பீடத்தார் இவ்வாண்டே அந்நிறுவனத்தாரிடம் எழுதிக் கேட்கட்டும்.