புல்லுன்னா அவ்ளோ இளக்காரமா?

ஏற்காடு போய்வந்த செடிப்பிரியர்கள் எடுத்த படங்களைப் பாருங்க மக்களே. ஆர்க்கிட் இருக்கும், காப்பிப் பூ இருக்கும், பகோடா பாயிண்ட் மேகம் இருக்கும். காலடியில மிதிபட்ட புல் மட்டும் இருக்காது. கேட்டா, "வெறும் புல்லுதானேங்க".

வெறும் புல்லா? காலையில நீங்க சாப்பிட்ட இட்லி அரிசி புல். மலையில விளையற சாமை புல். கரும்பு புல், மூங்கிலும் புல். உலகத்துல 11,000 வகைக்கு மேல இருக்கு. வயிரம் வெளியே இருந்தா புல், உள்ளே இருந்தா மரம்னு தொல்காப்பியர் மரபியல்லயே விதி எழுதி வெச்சிட்டுப் போனார். நாம என்னடான்னா எல்லாத்துக்கும் ஒரே பேரு வெச்சிருக்கோம்.

இன்னொரு கூட்டம் இருக்கு. பத்தடி தள்ளி நின்னு ஒரு புதரைப் படம் எடுத்து, "இது என்ன புல்?"னு கேப்பாங்க. அதைப் பார்த்து ரெண்டே நிமிஷத்துல ஒரு லத்தீன் பேரை அள்ளி விடறவங்க அதைவிட மோசம். புல்லோட முகவரி சிறுகதிர்ல இருக்கு சாமி. உமி எத்தனை, அதுல மீசை இருக்கா, இலை தண்டோட சேர்ற மூட்டுல இருக்கற குட்டி நாக்கு சவ்வா மயிரா... பத்து மடங்கு லென்ஸ் இல்லாம இதெல்லாம் தெரியாது. தண்டை விரல்ல உருட்டிப் பாருங்க. மூணு பட்டையா, உள்ளே கெட்டியா இருந்தா அநேகமா அது கோரை. புல் குடும்பமே இல்லை.

கேம்பிள் 1915ல ஆரம்பிச்ச சென்னை மாகாணத் தாவர நூலை, அவர் போனதுக்கப்புறம் ஃபிஷர் 1936லதான் முடிச்சார். திருச்சி ராபினட் ஹெர்பேரியத்தை உருவாக்கின மேத்யூ பாதிரியாரும் கூட்டாளிகளும் மலை மலையா ஏறி, பறிச்சு, அழுத்தி, காயவெச்சுதான் பேர் சொன்னாங்க. நமக்கு ரெண்டு நிமிஷம் போதுமாம்!

பேருக்கு எதுக்கு இவ்ளோ சண்டைன்னா, பேர் தெரியாத புல்வெளிக்கு 'தரிசு'ன்னு பேர் வெச்சிடுவாங்க. தரிசுன்னு ஆயிட்டா யார் வேணா குழி தோண்டி மரம் நடலாம். நீலகிரிப் புல்வெளியில சீகையும் தைலமரமும் என்ன பண்ணுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். நாளைக்கே சேர்வராயன் கோயில் உச்சியை 'பசுமையாக்கறோம்'னு ஒருத்தர் கடப்பாரையோட வந்தா, "நில்லுங்க, இங்கே இன்னின்ன புல் இருக்கு"ன்னு நீட்ட நம்ம கையில பட்டியல் வேணாமா?

அதனால கேக்கறவங்க முழுச்செடி, கதிர், இலை மூட்டுன்னு மூணு படமாவது கொடுங்க. எந்த உயரம், எந்த மாசம்னும் சொல்லுங்க. பதில் சொல்றவங்க, தெரியலைன்னா "தெரியலை"ன்னே சொல்லுங்க. தப்பான பேரு, பேரில்லாததைவிட ஆபத்து.

டிஸ்கி: மே மாசம் மலர்க் கண்காட்சிக்குப் போறவங்க மேல எனக்குக் கோவமெல்லாம் இல்லை. போற வழியில ஒரு தடவை குனிஞ்சு பாருங்க, போதும் :-)