நூலகரை எடுத்துவிட்டால் கருவி வேலை செய்யாது

பிள்ளைகளுக்கு வேண்டியதெல்லாம் கைபேசியிலேயே இருக்கிறது, கேட்டால் செயற்கை நுண்ணறிவு எழுதியும் கொடுத்துவிடுகிறது, பிறகு கல்லூரியில் நூலகம் எதற்கு, நூலகர் எதற்கு? நிர்வாகக் கூட்டங்களிலும் பெற்றோர் பேச்சிலும் இது இப்போது முடிந்த முடிவுபோல ஒலிக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் வைத்துச் சோதித்துப் பார்த்தால் இந்த வாதம் நிற்கவில்லை.

எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்பதிலிருந்தே தொடங்கலாம். நெய்யூர் ஆஸ்பத்திரியின் வரலாற்றை ஆய்வுக்கு எடுக்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். லண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணி இங்கே 1838-இல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சேயால் தொடங்கியது. சங்கத்தின் கடிதங்கள் லண்டன் சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன. சாமுவேல் மெட்டீர் திருவிதாங்கூர் பற்றி 1871-இல் வெளியிட்ட நூல் ஸ்கேன் ஆகி இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற, இங்கேயே அறுவைச் சிகிச்சை நிபுணராக உழைத்த டாக்டர் சாமர்வெல் 1936-இல் எழுதிய நூலின் கதை வேறு. அவர் இறந்தது 1975-இல். நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. 2035 முடியும்வரை அனுமதியின்றி அதை யாரும் இணையத்தில் ஏற்ற முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய மிஷன் தாள்கள் நெய்யூரை ஆங்கிலத்தில் ஒரே ஒரு ‘ஒய்’ போட்டு எழுதின. இன்று நாம் இரண்டு போடுகிறோம். இன்றைய எழுத்தில் மட்டும் தேடுகிற மாணவிக்குப் பாதிப் பக்கங்கள் கண்ணிலேயே படாது. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும்.

அரசே மொத்தமாகச் சந்தா கட்டிவிட்டதே என்பார்கள். ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள். நல்ல திட்டம்தான். ஆனால் மத்திய, மாநில அரசுகளே நடத்தும் நிறுவனங்களுக்காக வகுக்கப்பட்டது அது. நெய்யூர் லெட்சுமிபுரம் கல்லூரியிலிருந்து நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரிவரை இந்த மாவட்டத்தின் பழைய கலைக் கல்லூரிகள் பெரும்பாலும் அரசு உதவி பெறும் தனியார் கல்லூரிகள். இவற்றுக்கு வழி, காந்திநகர் இன்ஃப்லிப்நெட் மையத்தின் என்-லிஸ்ட் என்ற மின்னிதழ், மின்னூல் திட்டம். கல்லூரி சந்தா கட்ட வேண்டும், மாணவர் பெயர்களை நூலகர் பதிவுசெய்து கடவுச்சொல் வாங்கித் தர வேண்டும். அந்த வேலை நடக்காத கல்லூரியில் என்-லிஸ்ட் இருந்தும் இல்லாததுதான்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் தமிழ் ஆய்வேடுகள். சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் உள்ளன. அவற்றில் பழைய தமிழ் ஏடுகள் பல யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்திருந்தால் திரையில் தமிழாகத் தெரியும். கோப்புக்குள்ளே கிடப்பதோ ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும். தமிழில் தேடினால் அது சிக்காது. பார்வையற்ற மாணவர் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானை ஓட்டினால் அது அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் வாசிக்கும். ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதியது, கண் முன்னே இருந்தும் காணாமல் போய்விடுகிறது. எழுத்துணரிக் கருவியால் பக்கங்களைப் படமாகப் படித்து யூனிகோடாக மாற்றலாம், எழுத்துரு மாற்றியும் இருக்கிறது. எந்தக் கோப்புக்கு எது வேண்டும் என்று பார்த்து, வந்த பிழைகளைத் திருத்தி, தலைப்பையும் சுருக்கத்தையும் யூனிகோடில் ஏற்றுவதற்கு மனிதக் கண் வேண்டும். தமிழ் தெரிந்த கல்லூரி நூலகர் செய்யவேண்டிய வேலை இது.

அடுத்தது, செயற்கை நுண்ணறிவே ஆதாரமும் தரும் என்பது. தரும். இல்லாத நூலுக்கு ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் சேர்த்துத் தரும். அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதுவதுதான் அதன் அடிப்படை. மேற்கோள் குறிப்பின் உருவம் அதற்குப் பழக்கம், உண்மையில் அப்படியொரு நூல் உண்டா என்பதை அது எப்போதும் போய்ச் சரிபார்ப்பதில்லை. 2023-இல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. வழக்கறிஞர்களே ஏமாந்த இடத்தில் இளங்கலை மாணவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? கருவியைத் தடைசெய்யச் சொல்லவில்லை. அது தரும் ஒவ்வொரு குறிப்பையும் நூலட்டவணையில் எப்படிச் சரிபார்ப்பது என்று முதலாமாண்டிலேயே நூலகத்தில் வகுப்பு எடுக்க வேண்டும் என்கிறேன்.

சின்னக் கல்லூரிக்குக் கட்டுப்படியாகாது என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. நூலக நிர்வாகத்துக்குக் கோஹா, ஆவணக் களஞ்சியத்துக்கு டிஸ்பேஸ், இரண்டும் இலவசம். ஒரு கணினியும் பொறுமையான பதிவேற்றமும் போதும்.

புத்தகத்தில் ஒட்டிய வில்லையை ரேடியோ அலையால் வாசிக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. வந்தால் ஆளே வேண்டாம் என்பது தலைகீழ்ப் பேச்சு. வில்லையை ஒட்டிய புத்தகம் தவறான அலமாரியில் செருகப்பட்டிருந்தால் கருவி காட்டிக்கொடுக்கும். இருப்புச் சரிபார்ப்புக்கான நாட்கள் குறையும். புத்தகம் தவறான பொருளின்கீழ் பதிவாகியிருந்தால் அது வாய் திறக்காது.

கடைசியாக, நூலகத்துக்கு யாரும் வருவதில்லை என்ற கணக்கு. வாசலில் உள்ள பதிவேடு, படியேறி வந்தவரை மட்டுமே எண்ணுகிறது. இரவு பத்து மணிக்கு மண்டைக்காட்டில் வீட்டிலிருந்து என்-லிஸ்ட் கட்டுரையைத் திறக்கும் மாணவி அதில் இல்லை. அந்தப் பயன்பாட்டுக் கணக்கையும் எடுக்க முடியும். நிர்வாகக் கூட்டத்தில் முதலில் அதை மேசையில் வைக்கட்டும். நூலகர் பணியிடத்தை நிரப்புவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.