உண்ணிச்செடியும் ஒளி வைத்தியமும்

போன மாசம் தாண்டிக்குடியில நண்பர் வீட்டு மாட்டுக்கு மூஞ்சி வீங்கிப் போச்சு. காது, இமை எல்லாம் தடிச்சு, வெள்ளைத்தோல் இருந்த இடம் உரிய ஆரம்பிச்சிருச்சு. பாம்பு தீண்டிருச்சுன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. வந்த கால்நடை மருத்துவர் முதல்ல சொன்னது, "நிழல்ல கட்டுங்க."

மலையெல்லாம் மண்டிக் கிடக்கிற உண்ணிச்செடிதான் காரணம். அதைத் தின்னா கல்லீரல் கெட்டு, பித்தம் வெளியேறாது. பச்சையம் செரிக்கும்போது உண்டாகிற ஃபில்லோஎரித்ரின் வழக்கமா பித்தத்தோட போயிரும். இப்போ ரத்தத்துலயே தங்கிடும். வெயில் பட்டதும் அது ஆக்சிஜனை உசுப்பிவிட்டு, தோலில் இருக்கிற நுண்குழாய்களைப் பதம் பார்க்கும். குழாய் கசியும், நீர் கோக்கும்.

புற்றுநோய்க்குச் செய்யற ஃபோட்டோடைனமிக் சிகிச்சையும் இதே கணக்குதாங்க. மருந்து ஹெமட்டோபார்ஃபைரின் வகை (ஃபில்லோஎரித்ரினுக்குப் பங்காளி), கூடவே சிவப்பு ஒளி. அமெரிக்காவில் பஃபலோ நகரத்து ராஸ்வெல் பார்க்கில் தாமஸ் டோஹெர்ட்டி குழு, எலிக் கட்டிகளை இப்படிக் குணமாக்கியதை 1975-ல் வெளியிட்டது.

ஒளி பட்ட கட்டிக்குள்ள என்ன நடக்குது? ரத்தக்குழாயின் உட்சுவர் சேதமாகும், நீர் கசியும், அப்புறம் ரத்தம் உறைஞ்சு குழாய் அடைபடும், கட்டி பட்டினி கிடக்கும். கட்டிக்குள்ள நிணநீர் வடிகால் ஏற்கனவே உருப்படியா கிடையாது. கசிஞ்ச நீர் எங்க போகும்? அதனால முதல் சில நாள் அந்த இடம் பெருசாத்தான் தெரியும். அன்னைக்கே அளவு எடுத்துட்டு "வளர்ந்திருச்சு"ன்னு பயப்படறதுல அர்த்தமே இல்லை.

அதுக்காக "வெறும் வெளிச்சம்தானே, பக்கவிளைவே கிடையாது"ன்னு சொல்றவங்களையும் என்னால ஒத்துக்க முடியலை. தொடையில வீங்கினா எலி நொண்டும். தொண்டையில வீங்கினா மூச்சே அடைக்கும். 1912-ல் ஃப்ரீட்ரிக் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் தனக்குத்தானே 200 மில்லிகிராம் ஹெமட்டோபார்ஃபைரின் ஊசி போட்டுக்கிட்டு வெயில்ல போய் நின்னார். முகம் எங்க மாடு மாதிரியே ஆச்சு!

ஃபோட்டோஃப்ரின் போட்டவங்க குறைஞ்சது 30 நாள் வெயில்ல தலைகாட்டக் கூடாது. இதை ஊசிக்கு முன்னாடியே புரியற மாதிரி சொல்லணும். கொடைக்கானல்காரங்களுக்கு ரெண்டு தடவை சொல்லணும். ஏரிக்கரையில பனிமூட்டமா இருக்கே, குளிருதேன்னு நடக்கக் கிளம்பிருவாங்க. கண்ணுக்குத் தெரியற வெளிச்சமே அந்த மருந்துக்குப் போதும்.

மாடு மூணு வாரம் தொழுவத்துல கிடந்து தேறிருச்சு. வேலியோரச் செடியை இன்னும் யாரும் வெட்டலை.