கேட்காமல் பிடிக்காதீர்கள்

கேரளத்தின் மூணாறு, வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) மாதக் கடைசியில் ஒரு வேலை தவறாமல் நடக்கும். சம்பளம் ஏறிவிட்டதா என்று பார்க்க ஏடிஎம்முக்குப் போய், ஆயிரம் ரூபாய் என்று அழுத்திப் பார்ப்பார்கள். பணம் வராது. ஆனால், பல வங்கிகளில் அந்த முயற்சிக்கே 20 ரூபாயும் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்த்து 23 ரூபாய் 60 காசு பிடித்துவிடுவார்கள். இதற்குச் சம்மதமா என்று அந்தத் தொழிலாளியை யாரும் தனியாகக் கேட்டதில்லை.

அதே கணக்கு ஜன் தன் கணக்காக இருந்தால் அதில் ஓவர் டிராஃப்ட் (இருப்புக்கு மேல் எடுக்கும் கடன்) வசதியும் உண்டு. 2014-ல் 5,000 ரூபாயாக இருந்த வரம்பு 2018-ல் 10,000 ஆனது. அதில் 2,000 ரூபாய் வரை நிபந்தனை கிடையாது. ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி என்றே வைத்துக்கொள்வோம். 2,000 ரூபாயை 20 நாள் எடுத்தாண்டால் வட்டி ஏறத்தாழ 13 ரூபாய். இல்லை என்று திருப்பி அனுப்ப வாங்கும் காசைவிட, கடன் கொடுக்க ஆகும் வட்டி குறைவு! இந்த வசதியைச் சொல்லித்தர ஆளில்லாததால்தான் அவசரத்துக்குப் பிளேடுகாரரிடம் (கந்துவட்டிக்காரரிடம்) போகிறார்கள்.

கேட்காமல் பிடிக்கும் சிக்கல் அமெரிக்காவில் வேறு விதமாக இருந்தது. கணக்கில் பணமில்லாவிட்டாலும் டெபிட் கார்டை வங்கி அனுமதித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் 30 டாலருக்கு மேல்கூடக் கட்டணம் போட்டது. 2010 ஜூலையில் விதி மாறியது. ஏடிஎம்முக்கும் ஒருமுறை கார்டுச் செலவுக்கும் வாடிக்கையாளர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் மட்டுமே அந்தக் கட்டணம் வாங்கலாம். ஒப்பாதவருக்குக் கணக்கின் மற்ற வசதிகளைக் குறைக்கவும் கூடாது. நமக்கு வேண்டியது இந்த விதியின் சாரம்தான். கடனும் கேட்டுத்தான் தரப்பட வேண்டும். சம்பளம் விழுந்ததும் முதலில் கழிவது கடன்தான் என்பது தெரியாமல் எடுத்தவர் அடுத்த மாதம் திணறுவார்.

எந்த மொழியில் கேட்பது? வங்கிப் படிவங்கள் ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி ஆகிய மூன்றிலும் இருக்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. இடுக்கியிலும் பாலக்காடு மாவட்டச் சித்தூரிலும் வட்டார மொழி என்றால் மலையாளம். அங்குள்ள தேவிகுளத்திலும் கொழிஞ்சாம்பாறையிலும் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர் மூன்றிலும் படிக்க முடியாத தாளில் கையெழுத்திடுகிறார். சிறுபான்மைப் பகுதிகளின் அரசு அலுவலகங்களோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லேயே உரிமை தந்தது. வங்கி வாசலில் அந்த உரிமை நின்றுவிடுகிறது.

வழி இல்லாமல் இல்லை. பிளேடு வட்டியிலிருந்து மீட்க 2018-ல் பாலக்காட்டில் தொடங்கிய ‘முற்றத்தே முல்ல’ திட்டத்தில், குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் வீட்டு வாசலுக்கே வந்து கடனைப் பற்றிப் பேசினார்கள். ஓவர் டிராஃப்ட்டுக்கும் அப்படி ஆள் வேண்டும்.

இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் வங்கியாளர் குழுக்கள் ஒரு பக்கத் தமிழ்ப் படிவத்தை உடனே கொண்டுவரலாம். வரம்பு எவ்வளவு, நாள் வட்டி எவ்வளவு, சம்பளத்தில் எப்போது கழியும், வேண்டாமென்றால் எப்படி நிறுத்துவது என்பவை அதில் இருந்தால் போதும். வேண்டாம் என்று குறியிட்டவருக்கு ஏடிஎம் பணமில்லை என்று மட்டும் சொல்லட்டும், காசு பிடிக்க வேண்டாம்.

(கட்டுரையாளர் எல்லையோரக் கிளைகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்)