விமானம் லேட்டு, விலை கொடுப்பது யாரு?

1/ லீவு முடிஞ்சு எல்லாரும் ஊர் திரும்புற வாரங்களில் வாட்ஸ்அப் குரூப்பில் தவறாமல் ஒரு அட்வைஸ் சுத்தும். "விமானம் லேட்டானா டென்ஷன் ஆகாதீங்க. பவர் பேங்க் வச்சுக்கோங்க, பாட்டு கேளுங்க, மூச்சை நல்லா இழுத்து விடுங்க." இந்த அட்வைஸ் மேல எனக்குக் கடுமையான கோபம். ஏன்னு சொல்றேன். இழை கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ நான் புதுச்சேரியில் அரசு மருத்துவமனை டாக்டர், எம்பிபிஎஸ். விமானத் துறை நிபுணர் கிடையாது. ஆனால் லேட்டான விமானத்தின் பின்விளைவு எங்க கேஷுவாலிட்டிக்கும் வந்து சேருது. தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் யாரோ ஒருத்தர் உடம்பால விலை கொடுக்கிறார். பாட்டியோட சர்க்கரை, டாக்ஸி டிரைவரோட தூக்கம், டூட்டி டாக்டரோட ரெண்டாவது ஷிஃப்ட். தாமதப்படுத்தின கம்பெனி மட்டும் பணமா எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. நம்ம விதியே அப்படித்தான் இருக்கு. அதை மாத்தணும்னு கேக்கத்தான் இந்த இழை.

3/ முதல்ல நம்ம ஊர் நிலைமை. லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட் இறங்காது, ஏடிஆர் மாதிரி சின்ன விமானம்தான் வரும். 2017 ஆகஸ்டில் ஸ்பைஸ்ஜெட் ஐதராபாத்துக்கு ஆரம்பிச்சது, 2024 மார்ச்சில் சேவை நின்னுபோச்சு. அந்த வருஷம் டிசம்பர் 20-ல் இண்டிகோ பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் ஆரம்பிச்சது. பெரிய ஊர்ல ஒரு விமானத்தை விட்டா ரெண்டு மணி நேரத்தில் அடுத்தது இருக்கும். இவ்வளவு குறைவான சேவை இருக்கிற ஊருக்கு வரும்போது கனெக்‌ஷனை விட்டா, பெரும்பாலும் மறுநாள்தான்.

4/ அதனால நம்மில் பெரும்பாலானவங்க மீனம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து சுமார் 140 கிலோமீட்டர் ரோட்டில் வர்றோம். புதுச்சேரிக்காரங்களோட கடைசி கனெக்‌ஷன் விமானம் கிடையாது, ஒரு டாக்ஸி. லேட்டோட முழு பாரமும் கடைசியில் அந்த டிரைவர் அண்ணன் தலையில்தான் இறங்குது.

5/ கணக்கு போட்டுப் பாருங்க. காலை 6 மணிக்கு எழுந்தவர், சாயங்காலம் 5 மணிக்குப் புதுச்சேரியிலிருந்து கிளம்புறார். இரவு 9 மணிக்கு இறங்க வேண்டிய விமானம் 1 மணிக்கு இறங்குது. பெட்டி வந்து, நீங்க வெளியே வந்து, வண்டி கிளம்பும்போது மணி ரெண்டு. அவர் முழிச்சு 20 மணி நேரம் ஆச்சு.

6/ தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருந்தவரோட கவனமும் கை வேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருக்கிறவர் அளவுக்குக் குறையுதுன்னு ஆய்வுகள் 1990-களிலேயே காட்டியிருக்கு. 24 மணி நேரம்னா அது 0.10 சதவீதத்துக்குச் சமம். நம்ம மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03. குடிச்சவர் ஓட்டுற வண்டியில் குழந்தையை ஏத்துவீங்களா? 20 மணி நேரம் முழிச்சவர் வண்டியில் ஏத்துறோம். ஊதிக் காட்டினா பூஜ்யம்தான் வரும், அதனால யாருக்கும் தெரியறதில்லை.

7/ விடியற்காலை மூணு, நாலு மணி விபத்துகள் எப்படி இருக்கும்னு நைட் டூட்டி பார்த்த எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வாங்க. பிரேக் போட்ட தடமே இருக்காதுன்னு ஆம்புலன்ஸ்காரர் சொல்வார். அந்த கேஸ் ஷீட்டில் "விமானத் தாமதம்"னு எழுத ஒரு கட்டமும் கிடையாது.

8/ "பைலட்டுங்களுக்கு ஓய்வு கொடுக்கப் போய்த்தான் விமானமெல்லாம் ரத்தாச்சு"ன்னு 2025 டிசம்பரில் நிறைய பேர் திட்டினாங்க. கொஞ்சம் நில்லுங்க. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆகணும், இரவுப் பணியில் தரையிறக்கம் ரெண்டுக்கு மேல கூடாதுங்கிற விதி வெளியானது 2024 ஜனவரியில். 2025 ஜூலை 1, நவம்பர் 1-ன்னு ரெண்டு கட்டமா அமலாச்சு. தயாராக கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் இருந்தது. ஆனாலும் டிசம்பர் 5 அன்னிக்கு மட்டும் இண்டிகோ 1,000 விமானங்களுக்கு மேல ரத்து செஞ்சது. இதில் பைலட்டோட தூக்கத்தைக் குத்தம் சொல்றது அநியாயம். ஆள் எடுக்காம அட்டவணை போட்டவங்களைத்தான் கேக்கணும்.

9/ அடுத்து, உள்ளே காத்திருக்கிறவங்க. லீவுக்கு மகன் வீட்டுக்குப் போய்த் திரும்பின ஒரு அம்மா. அறுபதைத் தாண்டினவங்க, சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை. விமானத்தில் சாப்பாடு வரும்னு நம்பி ஏழரை மணிக்கு மாத்திரை போட்டாச்சு. விமானம் அரை மணி, அரை மணியா தள்ளிப்போச்சு. சாப்பாடு வரலை. ஒரு பிஸ்கெட்டும் டீயும்தான். திண்டிவனம் தாண்டும்போது வியர்த்து, பேச்சு குழறுது. களைப்புன்னு வீட்டார் நினைச்சாங்க. எங்ககிட்ட வந்தப்போ சர்க்கரை 42. குளுக்கோஸ் ஏத்தினதும் கண் முழிச்சாங்க. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா நான் இதை வேற மாதிரி எழுதியிருப்பேன்.

10/ ரத்தக் கட்டி. நாலு மணி நேரத்துக்கு மேலான பயணத்தில் கால் நரம்பில் ரத்தம் உறையும் ஆபத்து சுமார் ரெண்டு மடங்காகுதுன்னு உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அறிக்கை சொல்லுது. ஆரோக்கியமானவங்களுக்கு அது ஏறக்குறைய 6,000-ல் ஒருத்தருக்குத்தான், பயப்பட வேண்டாம். ஆனால் கர்ப்பிணி, சமீபத்தில் ஆபரேஷன் ஆனவங்க, புற்றுநோய் சிகிச்சையில் இருக்கிறவங்க, முன்னாடி கட்டி வந்தவங்களுக்கு ஆபத்து அதிகம். மூணு மணி நேர விமானத்துக்கு முன்னாடி ஆறு மணி நேரம் நாற்காலியிலேயே உக்கார வச்சா, காலுக்கு அது ஒன்பது மணி நேரம்.

11/ மூணாவது ஆள் உங்க கண்ணிலேயே படமாட்டார். திங்கட்கிழமை காலை டூட்டிக்கு வர வேண்டிய நர்ஸோ டாக்டரோ ஏதோ ஒரு விமான நிலையத்தில் மாட்டிக்கிட்டா, நைட் முடிச்சவங்களே காலையும் நிக்கணும். உங்க அப்பாவுக்கு ஊசி போடுறது அந்தத் தூங்காத கைதான்.

12/ சரி, சட்டம் என்ன சொல்லுது? டிஜிசிஏ விதிப்படி, இரண்டரை மணி நேரம் வரைக்குமான பறப்பில் 2 மணி நேரம் தாமதமானா சாப்பாடு, சிற்றுண்டி தரணும். உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல தாமதமானா மாற்று விமானம் அல்லது முழுப் பணம். இரவு 8 முதல் 3 மணிக்குள் கிளம்ப வேண்டியது 6 மணி நேரத்துக்கு மேல தள்ளினா ஹோட்டல். முன்கூட்டிச் சொல்லாம ரத்து செஞ்சா, பறக்கும் நேரத்தைப் பொறுத்து அதிகபட்சம் 5,000, 7,500, 10,000 ரூபாய் நஷ்டஈடு. ஆனால் தாமதத்துக்கு? ஒரு ரூபாய் கிடையாது. அஞ்சரை மணி நேரம் தள்ளிப்போட்டா கம்பெனிக்குச் செலவு ஒரு சாப்பாட்டுப் பொட்டலம்.

13/ "அபராதம் போடறாங்களே?" போடறாங்க. யாருக்குப் போகுதுன்னு பாருங்க. 2024 ஜனவரியில் கோவா போய்த் திரும்பின டெல்லி பயணிகளை, பல மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு விமானம் மும்பைக்குத் திரும்பி, விமானம் நிக்கிற தளத்திலேயே தரையில் உக்காந்து சாப்பிட வச்ச வீடியோ ஞாபகம் இருக்கா? இண்டிகோவுக்கு 1.2 கோடி ரூபாய் அபராதம். 2025 டிசம்பர் குளறுபடிக்கு 22.2 கோடி. ரெண்டும் அரசுக்கு. டிசம்பரில் ரொம்ப பாதிக்கப்பட்டவங்களுக்கு 10,000 ரூபாய் வவுச்சர் கொடுத்தாங்க, உண்மை. மறுபடியும் அவங்க விமானத்திலேயே ஏறுறதுக்கு.

14/ இப்போ நம்ம ஊருக்கே உரிய ஒரு வேடிக்கை. பிரான்ஸில் சொந்தக்காரங்க இல்லாத தெரு புதுச்சேரியில் குறைவு. பாரிஸிலிருந்து சென்னை வரும் விமானம் 4 மணி நேரத்துக்கு மேல லேட்டா வந்தா, ஐரோப்பிய ஒன்றிய விதி 261/2004 படி ஒரு ஆளுக்கு 600 யூரோ. 3 முதல் 4 மணி நேரம்னா அதில் பாதி. "அதெல்லாம் பிரெஞ்சு பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்களுக்கு"ன்னு பலர் நினைக்கிறாங்க. தப்பு. விமானம் எங்கிருந்து கிளம்புதுங்கிறதுதான் கணக்கு. லீவுக்குப் போன இந்திய பாஸ்போர்ட் பெரியப்பாவுக்கும் உண்டு.

15/ நடுவில் ஒரு ஊர்ல மாறி வந்தாலும் உண்டு. ஒரே புக்கிங்கா இருந்து, முதல் விமானம் லேட்டாகி, அடுத்ததை விட்டுட்டு, கடைசி ஊருக்கு 3 மணி நேரத்துக்கு மேல தாமதமா வந்தா போதும். ஆனால் சென்னையிலிருந்து பாரிஸ் போகும்போது, ஐரோப்பிய கம்பெனி ஓட்டுற விமானமா இருந்தால் மட்டும்தான். அதே பெரியப்பா, அதே முழங்கால் வலி, அதே அஞ்சு மணி நேரம். பாரிஸில் லேட்டானா விலை இருக்கு, பெங்களூரில் லேட்டானா இல்லை.

16/ "நஷ்டஈடு வந்தா டிக்கெட் விலை ஏறும் டாக்டர்." அந்த ஐரோப்பிய விதி 2005 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கு. ரயன்ஏர் மாதிரி மலிவு விமான கம்பெனிகள் அதுக்குப் பிறகும் வளர்ந்துகிட்டேதான் இருக்கு. லேட்டுக்கு இப்பவும் நாம காசு கொடுக்கிறோம்: டாக்ஸிக்கு வெயிட்டிங், விட்டுப்போன கனெக்‌ஷனுக்குப் புது டிக்கெட், ஒரு நாள் சம்பளம். ரசீது மட்டும் விமான கம்பெனி பேரில் வர்றதில்லை.

17/ "மழை, பனிக்கு அவங்க என்ன பண்ணுவாங்க?" சரியான கேள்வி. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் நம்ம கரையில் ஏறினப்போ சென்னை விமான நிலையத்தையே மூடினாங்க. 2018 போகி அன்னிக்கு காலையில் புகையில் ஓடுபாதை தெரியலை. இதுக்கு யாரும் கம்பெனியைக் கேக்க வேண்டாம், ஐரோப்பாவிலும் கேக்கறதில்லை. நான் கேக்கிறது ஆள் பத்தாக்குறைக்கும், பழுதுக்கும், இடைவெளியே இல்லாம இழுத்துப் போட்ட அட்டவணைக்கும்.

18/ இது நம்ம நாட்டில் நடக்காத கனவுன்னு சொல்லாதீங்க. 2016-ல் ஒரு குடும்பம் ரயில் நாலு மணி நேரம் லேட்டானதால ஜம்முவில் ஸ்ரீநகர் விமானத்தை விட்டது. டாக்ஸிக்கே 15,000 ரூபாய் ஆச்சு. தாமதம் தன் கையை மீறினதுன்னு ரயில்வே நிரூபிக்கலை, அதனால நஷ்டஈடு கொடுக்கணும்னு 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ரயிலுக்கு உள்ள நியாயம் விமானத்துக்கு ஏன் விதியாகவே இருக்கக் கூடாது?

19/ விதி மாறும் வரைக்கும் உடம்பைக் காப்பாத்திக்கணும் இல்லையா? அதுக்கு:
மாத்திரை, இன்சுலின் எல்லாம் கைப்பையில், ரெண்டு நாளைக்குக் கூடுதலா. இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடாதீங்க, உறைஞ்சா கெட்டுப்போகும்.
சாப்பாட்டுக்கு முன் போடும் சர்க்கரை மருந்தை, சாப்பாடு கையில் வந்த பிறகு போடுங்க. கிளம்பும் முன் உங்க டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.
மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்க. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ நேரா கேஷுவாலிட்டி.
டயாலிசிஸுக்கு முந்தின ராத்திரி வந்து சேரும்படி டிக்கெட் போடவே போடாதீங்க.

20/ டிக்கெட் எடுக்கும்போது: ரெண்டு விமானமும் ஒரே பிஎன்ஆர்-ல் இருக்கட்டும். தனித்தனியா எடுத்தா, முதல்து லேட்டாகி ரெண்டாவதை விட்டா அந்த நஷ்டம் உங்களோடது. வெளிநாட்டிலிருந்து வந்து உள்நாட்டு விமானம் மாறினா இமிகிரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ், மறுபடி செக்-இன், மறுபடி செக்யூரிட்டி. அதுக்கு ஒன்றரை மணி நேரம்னு இணையதளம் காட்டினா நம்பாதீங்க, நாலு மணி நேரம் வைங்க. நாளோட முதல் விமானத்துக்கு லேட்டாகும் வாய்ப்பு குறைவு, சாயங்காலம் ஆக ஆகக் கூடும். லீவோட கடைசி நாளை வீட்டில் இருக்கும்படி திட்டம் போடுங்க.

21/ டிரைவர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பா இருங்க. இறங்கும் நேரம் நள்ளிரவைத் தாண்டுதுன்னு தெரிஞ்சா உடனே அவருக்கு போன் பண்ணி, "அண்ணே, வண்டியை ஓரமா போட்டுத் தூங்குங்க, விடிஞ்சு போவோம்"னு சொல்லுங்க. நீங்களும் சென்னையில் தங்குங்க. முடியலைன்னா விமான நிலையத்திலேயே விடியற வரை உக்காருங்க. அஞ்சு மணி நேரம் காத்திருந்தவங்களுக்கு இன்னும் மூணு மணி நேரம் பெரிசில்லை. வாடகையோட அந்த ராத்திரிக்குச் சேர்த்துக் கொடுங்க.

22/ கடைசியா, கேளுங்க. கவுன்டரில் தாமதத்துக்குக் காரணத்தை எழுத்தில் கேளுங்க. போர்டைப் படம் எடுங்க. போர்டிங் பாஸ், டாக்ஸி பில், சாப்பாட்டு பில் எல்லாம் பத்திரம். ஏர்சேவா செயலியில் புகார், 1915 நுகர்வோர் உதவி எண். அதுக்கும் அசையலைன்னா, 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்க வசிக்கிற ஊரிலேயே, அதாவது புதுச்சேரியிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.

23/ நூறு பேர் மூச்சை இழுத்து விட்டா கம்பெனிக்கு ஒண்ணும் ஆகாது. நூறு பேர் புகார் எழுதினா கணக்கு வைக்க வேண்டி வரும். 3 மணி நேரத்துக்கு மேல கம்பெனியோட காரணத்தால் தாமதமானா பயணியோட கையில் பணம்னு டிஜிசிஏ விதியில் ஒரு வரி சேரணும். நம்ம எம்பி, எம்எல்ஏ ஓட்டுக் கேட்டு வரும்போது ரோடு, தண்ணியோட இதையும் கேளுங்க. யாராவது ஊர் திரும்புறாங்கன்னா 19, 20, 21-ஐ மட்டுமாவது அவங்களுக்கு அனுப்புங்க.