ரெமிங்டனா? டிக்காவா?

குறி பார்த்துச் சுடும் விளையாட்டுக்காக முதல் ரைபிள் வாங்கப் போகிற அமெரிக்கரிடம் நண்பர்கள் அடிக்கடி சொல்லும் பெயர்கள் இரண்டு. ஒன்று, உள்ளூர் ரெமிங்டன் 700. மற்றொன்று, பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ். எது சிறந்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

இரண்டுமே போல்ட் ஆக்ஷன் ரைபிள்கள். சுட்டபின் போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும். முன்னால் தள்ளி மடக்கினால் அடுத்த தோட்டா உள்ளே போகும். சுடும் நொடியில் அசையும் பாகங்கள் குறைவு. குறி தவறாமல் சுட இது பெரிய வசதி.

ரெமிங்டன் 700 வந்தது 1962-ல். அமெரிக்க மரைன் படையின் எம்40, ராணுவத்தின் எம்24 ஆகிய ஸ்னைப்பர் ரைபிள்கள் இதிலிருந்து பிறந்தவை. இதற்குப் பொருந்தும் குழல், விசை, கட்டை எல்லாவற்றையும் பல கம்பெனிகள் தனியாகச் செய்து விற்கின்றன. கழற்றி மாட்டிப் பார்க்க ஆசைப்படுபவருக்கு இது சொர்க்கம்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. விசையில் குறை இருந்ததால், 2006 முதல் 2014 வரை செய்த பல ரைபிள்களை 2014-ல் கம்பெனியே திரும்ப அழைத்தது. விரல் படாமலே வெடிக்கக்கூடும் என்பதுதான் பயம். 2018-லும் 2020-லும் கம்பெனி திவாலானது, பிறகு கைமாறியது. பழைய 700 வாங்குபவர் விலை பேசும் முன் விசையைச் சோதிப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

டிக்கா டி3 2003-ல் வந்தது. டி3எக்ஸ் 2016-ல். போல்ட் வெண்ணெய் மாதிரி நகரும்; கைப்பிடியை 70 டிகிரி தூக்கினால் போதும். 100 மீட்டரில் 3 குண்டுகள் சுமார் 29 மில்லிமீட்டருக்குள் விழும் என்று கம்பெனியே உறுதி தருகிறது. எதையும் மாற்றாமல் பெட்டியிலிருந்து எடுத்தபடியே சுடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 3 குண்டுகளை வைத்துத் துப்பாக்கியை எடைபோடுவது, 3 பேரிடம் கேட்டுத் தேர்தல் முடிவு சொல்வது போல! 10 குண்டுகள் சுட்டுப் பார்த்தால் வட்டம் பெரிதாகும். அதுதான் நிஜம். அதே ரைபிள் ஒரு வகைத் தோட்டாவில் நன்றாகவும் இன்னொன்றில் சுமாராகவும் சுடும்.

கணக்குப் போட்டால் முடிவு சுலபம். ரைபிளின் விலை செலவின் தொடக்கம் மட்டுமே. ஸ்கோப், தோட்டா, மைதானக் கட்டணம் என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கில் சுட்டால் குழலும் தேயும். ஆகவே புதிதாகத் தொடங்குபவருக்கு டிக்காவே சரி. பாகம் மாற்றும் பணத்தைத் தோட்டாவாக்கிப் பழகலாம். தன் கையாலேயே ஒரு ரைபிளைச் செதுக்கி எடுக்க விரும்புபவருக்கு மட்டும் 700.

எதை வாங்கினாலும் மூச்சை அடக்கி, விசையை மெல்ல அழுத்தப் பழக வேண்டும். இல்லாவிட்டால் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.